எம்எம்ஏ-வுக்கு எந்த அடி-உதைக் கலை நல்லது? புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் யூஎஃப்சி என்ற பெரிய எம்எம்ஏ போட்டியின் நேரலை ஓடும்போது, கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், உட்கார்ந்து பாருங்கள். எப்படியும் இந்த வாக்குவாதம் காதில் விழும். "முவாய் தாய்தான் பெஸ்ட், மத்ததெல்லாம் நிக்காது" என்பார் ஒருவர். "பாக்சிங் கை இருந்தா போதும்டா" என்பார் இன்னொருவர். கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கிய மாமா ஒருவர் தன் கலைக்காக வரிந்து கட்டுவார். ஒவ்வொருவர் கைபேசியிலும் ஆதாரத்துக்கு ஒரு வீடியோ இருக்கும். அந்த வீடியோக்கள் எல்லாமே உண்மை. அதனால்தான் வாதம் முடிவதே இல்லை.

வெறும் பேச்சோடு போனால் கவலை இல்லை. ஆனால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எந்த வகுப்பில் சேர்வது என்று முடிவு செய்கிறார்கள். பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளை கம்பி வேலி போட்ட எம்எம்ஏ கூண்டுக்குள் போனால், கற்றதில் பாதி அங்கே கைகொடுப்பதில்லை. ஏன் கைகொடுக்கவில்லை என்று சொல்லித் தரவும் ஆள் இருப்பதில்லை. அதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப் போகிறோம்.

## முதலில் மூன்று சொற்கள்

எம்எம்ஏ என்பது கலப்புத் தற்காப்புக் கலை. நின்று அடிக்கலாம், கட்டிப் பிடிக்கலாம், கீழே தள்ளலாம், தள்ளிய பிறகும் சண்டை தொடரும். நின்றபடி கை, கால், முழங்கை, முழங்காலால் தாக்குவதை ஸ்டிரைக்கிங் என்கிறார்கள். நிற்பவரின் காலையோ இடுப்பையோ பிடித்துத் தரையில் சாய்ப்பது டேக்டவுன். இந்தக் கட்டுரைக்கு இந்த மூன்றும் போதும். இன்னும் ஓரிரண்டு சொற்கள் வரும் இடத்திலேயே விளக்கிவிடுகிறேன்.

## கலை என்பது விதிகள் வளர்த்த பழக்கம்

நம் ஊரில் பேட்மிண்டன் ஆடாத வீடு குறைவு. நன்றாகப் பேட்மிண்டன் ஆடும் ஒருவர் முதல் தடவை டென்னிஸ் மட்டையைக் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து எங்கே வரும் என்று கணிக்கிறார், கால்கள் சரியான இடத்துக்கு ஓடுகின்றன. பல வருட உழைப்பு அப்படியே உதவுகிறது. ஆனால் அடிக்கும்போது மணிக்கட்டைச் சுண்டுகிறார். இறகுப்பந்துக்கு அது அழகு. கனமான டென்னிஸ் பந்து வந்து மோதும்போது மட்டை கையில் திரும்பிக்கொள்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது. அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை. வேறொரு ஆட்டத்தின் விதிகளும் கருவிகளும் அவர் உடம்பில் ஊறிவிட்டன, அவ்வளவுதான்.

தற்காப்புக் கலையிலும் இதேதான் நடக்கிறது. எந்தக் கலையும் ஒரு போட்டி விதிக்குள் வளர்கிறது. எது புள்ளி தருமோ அதை உடம்பு திரும்பத் திரும்பச் செய்கிறது. எது தடை செய்யப்பட்டதோ அதை எதிர்பார்ப்பதையே உடம்பு விட்டுவிடுகிறது. ஒலிம்பிக் டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது. தலையில் விழும் உதைக்கு 3 புள்ளி, உடம்பில் விழும் குத்துக்கு 1. அப்படியிருக்க அந்த வீரர் கையைத் தாழ்வாக வைத்துக்கொண்டு காலை மின்னல் வேகத்தில் தூக்குவதில் வியப்பென்ன? கியோகுஷின் கராத்தேயில் உடம்பில் முழு பலத்தோடு அடிக்கலாம், ஆனால் முகத்தில் கையால் குத்த அனுமதி இல்லை. அதனால் அவர்கள் மார்போடு மார்பு உரச நின்று அடித்துக்கொள்வார்கள். வயிறும் தொடையும் இரும்பாகிவிடும், முகத்துக்குக் காவல் குறைந்துவிடும்.

ஆக, "எந்தக் கலை சிறந்தது" என்று கேட்பதை விட, "இந்தக் கலை கொடுக்கும் பழக்கங்களில் எவை எம்எம்ஏ விதிக்குள் உயிரோடு நிற்கும், எவை ஆளையே கவிழ்க்கும்" என்று கேட்டால் விடை கிடைக்கும்.

## எல்லாவற்றையும் மாற்றுவது டேக்டவுன்

எம்எம்ஏ-வில் மற்ற பெரும்பாலான அடி-உதைப் போட்டிகளில் இல்லாத ஒன்று இருக்கிறது. எதிராளி எந்த நொடியிலும் குனிந்து உங்கள் காலைப் பிடிக்கலாம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பிடிக்கக்கூடும் என்ற எண்ணமே உங்கள் அடியைப் பாதிக்கும். பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பலமாகக் குத்த வேண்டுமானால் கால்களைத் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும், இடுப்பைச் சுழற்ற வேண்டும், எடை முன்னால் போக வேண்டும். உதைக்க வேண்டுமானால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். டேக்டவுனைத் தடுக்கவோ இதற்கு நேர் எதிரானது தேவை. இடுப்பு பின்னால் இருக்க வேண்டும், முட்டி மடிந்திருக்க வேண்டும், கைகள் கீழே இறங்கத் தயாராக இருக்க வேண்டும். காலைப் பிடிக்க வருபவர் மேல் உடல் எடையைச் சாய்த்து, கால்களைப் பின்னுக்கு எறிந்து தடுக்கும் முறைக்கு ஸ்ப்ரால் என்று பெயர். முழு பலத்தோடு குத்திக்கொண்டே ஸ்ப்ராலுக்கும் தயாராக இருப்பது ஒரே நேரத்தில் முடியாத காரியம். எங்கேயாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எதிராளி வலுவான மல்யுத்த வீரராக இருந்தால் உங்கள் கை தானாகவே இறங்கும். அவர் காலைப் பிடிப்பதுபோல் ஒரு பாவனை காட்டுவார், நீங்கள் குனிவீர்கள், மேலிருந்து ஒரு குத்து வந்து தாடையில் விழும். அழகே இல்லாத, சுற்றி வீசிய குத்துதான் அது. குத்துச்சண்டை மேடையில் அது பட்டிருக்கவே செய்யாது. மல்யுத்தப் பின்னணியில் வந்தவர்கள் அரைகுறைக் குத்தை வைத்துக்கொண்டே ஆட்களைச் சாய்ப்பதன் காரணம் இதுதான்.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி-யிலேயே இது தெரிந்துவிட்டது. ஆர்ட் ஜிம்மர்சன் என்ற தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். தரையில் பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சு கலையின் வீரர் ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார். ஜிம்மர்சன் அதோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் டோனி, மல்யுத்தத்திலிருந்து வந்த ராண்டி கூட்டூரை 2010-இல் எதிர்த்தார். கூட்டூர் கணுக்கால் பக்கம் தாழக் குனிந்து பிடித்துச் சாய்த்தார். முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் ஆட்டம் முடிந்தது. டோனியின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைக் காட்ட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

நம்மூர்க் கதையும் ஒன்று உண்டு. செந்தூலில் வளர்ந்த அகிலன் தானி 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய எம்எம்ஏ அமைப்பின் பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரனோடு மோதினார். 21 வயதில் உலகப் பட்டத்துக்கான மேடை ஏறிய தமிழ்ப் பையன், நமக்கெல்லாம் பெருமை. ஆஸ்க்ரன் 2008 ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர். அவர் அகிலனோடு கையால் பேச விரும்பவே இல்லை. பிடித்தார், சாய்த்தார், முதல் சுற்றில் கழுத்தை இறுக்கி முடித்தார். எதிராளி நிற்க விட்டால்தானே ஸ்டிரைக்கிங்?

இன்னொரு சான்று, இஸ்ரேல் அடிசான்யா. கிக்பாக்சிங்கிலிருந்து வந்தவர், அவருடைய காலத்தின் நுட்பமான ஸ்டிரைக்கர்களில் ஒருவர். 2021 மார்ச்சில் தனக்கு மேலான எடைப் பிரிவில் யான் பிளாஹோவிச்சோடு மோதினார். கடைசி இரண்டு சுற்றுகளில் பிளாஹோவிச் அவரைக் கீழே சாய்த்து மேலிருந்தே நேரத்தைக் கழித்தார், நடுவர் தீர்ப்பில் வென்றார்.

சுருக்கமாக: ஸ்டிரைக்கிங் திறமை ஒரு தொகை என்றால், டேக்டவுன் தடுப்பு அதைச் செலவழிக்கக் கிடைக்கும் அனுமதி. தடுப்பில் நம்பிக்கை உள்ளவரால்தான் கால் ஊன்றி அடிக்க முடியும்.

## குத்துச்சண்டை: கை அபாரம், முன்கால் ஆபத்து

கையால் அடிப்பதில் குத்துச்சண்டைக்கு ஈடு கிடையாது. இரண்டே இரண்டு ஆயுதம்தான் அனுமதி என்பதால் அந்த இரண்டையும் செதுக்கிச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எதிராளியின் குத்து வரும் வழியிலிருந்து தலையை ஒரு விரல் அளவு நகர்த்துவது, அதே அசைவில் பதில் குத்து கொடுப்பது, இதையெல்லாம் வேறு எங்கே போனாலும் இவ்வளவு நுணுக்கமாகக் கற்க முடியாது.

சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது கையுறை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறை. பயிற்சியில் இன்னும் பெரியது, 14, 16 அவுன்ஸ். எம்எம்ஏ கையுறை வழக்கமாக 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம்தான், விரல்களும் வெளியே திறந்திருக்கும். ஜிம்மில் இரண்டையும் மாட்டிக் கண்ணாடி முன் நின்று பாருங்கள். பெரிய கையுறையோடு இரண்டு கையையும் முகத்துக்கு நேரே உயர்த்தினால் நெற்றியிலிருந்து தாடைவரை மூடிவிடும். சின்னக் கையுறையோடு அதே மாதிரி வைத்தால் இரண்டு முஷ்டிக்கு நடுவே மூக்கு தெரியும், பக்கவாட்டில் காது தெரியும். குத்துச்சண்டையில் கையுறைக்குப் பின்னால் ஒளிந்து நின்று அடியை வாங்கிக்கொள்ளலாம். கூண்டுக்குள் அந்தச் சந்து வழியே முஷ்டி உள்ளே வந்துவிடும்.

இரண்டாவது, முன்கால், அதாவது முன்னால் வைத்து நிற்கும் கால். குத்துச்சண்டை நிலையில் முன்காலில் எடை கணிசமாக இருக்கும், பாதம் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும். அப்போதுதான் ஜேப், அதாவது முன்கையால் நேராக நீட்டும் குத்து, நீளமாகப் போகும். அங்கே யாரும் காலில் உதைப்பதில்லை, எனவே பாதகமும் இல்லை. எம்எம்ஏ-வில் அந்தக் கெண்டைக்காலைக் குறிவைத்தே உதைப்பார்கள். எடை அதன்மேல் இருப்பதால் சட்டென்று தூக்கித் தடுக்க முடியாது. நாலைந்து உதை சரியாக விழுந்தால் பாதம் மரத்து, கால் தடுமாறத் தொடங்கும். 2021 ஜனவரியில் அபுதாபியில் கானர் மெக்ரிகருக்கு நேர்ந்தது இதுதான். டஸ்டின் புவாரியே அவருடைய கெண்டைக்காலைத் திரும்பத் திரும்ப உதைத்தார். கால் சரியாக நிற்காதபோது கையும் வேலை செய்யவில்லை. இரண்டாம் சுற்றில் குத்துகளால் சாய்த்தார்.

## முவாய் தாய்: அதிக ஆயுதம், நிமிர்ந்த உடம்பு

மலேசியாவின் வடக்கு மாநிலங்களில் தோமோய் என்று சொல்லப்படுவதும் தாய்லாந்தின் முவாய் தாயும் ஒரே குடும்பம். இரண்டு கை, இரண்டு கால், இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால் என்று எட்டு உறுப்பும் ஆயுதம். எம்எம்ஏ-வில் அனுமதிக்கப்படும் அடிகளில் பெரும்பகுதியை ஏற்கெனவே பழகி வைத்திருப்பவர்கள் முவாய் தாய்க்காரர்கள்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கலைக்கு மற்றவற்றை விட முன்தூரம் கிடைக்கிறது.

இன்னொரு பெரிய பலம் கிளின்ச். இருவரும் நின்றபடி கழுத்தையும் தோளையும் பிடித்து இழுத்துக்கொள்ளும் நிலை அது. குத்துச்சண்டையில் கட்டிப் பிடித்தவுடன் நடுவர் பிரித்துவிடுவார். முவாய் தாயில் அங்கேதான் பாதி சண்டை. 2006 அக்டோபரில் ஆண்டர்சன் சில்வா, ரிச் ஃபிராங்க்ளினின் பிடரியில் இரண்டு கையையும் கோத்து, தலையைக் கீழே இழுத்து, முழங்காலால் இடித்து முதல் சுற்றிலேயே பட்டத்தைப் பறித்தார். பிராங்க்ளின் பலசாலி. ஆனால் அந்தப் பிடியிலிருந்து கழுத்தை விடுவிக்கும் வழி அன்று அவரிடம் இல்லை. பிடித்து நிற்கும்போது சமநிலை எங்கே போகிறது என்பதை உணரும் அந்தப் பழக்கம் டேக்டவுனைத் தடுக்கவும் ஓரளவு உதவும்.

குறையும் இருக்கிறது. முவாய் தாய் வீரர் நிமிர்ந்து நிற்பார், இடுப்பு முன்னால் இருக்கும், முன்கால் லேசாக இருக்கும். உதையைத் தடுக்க வசதி. ஆனால் மல்யுத்தக்காரருக்கு நிமிர்ந்த உடம்பும் நீட்டிய இடுப்பும் விருந்து. உதையைப் பிடித்துவிட்டாலோ சிக்கல் இன்னும் பெரிது. தாய் மேடையில் காலைப் பிடித்தவர் தட்டி விழவைத்தாலும் நடுவர் எழுப்பி விடுவார், சண்டை மறுபடி தொடங்கும். கூண்டில் யாரும் எழுப்ப மாட்டார்கள். ஐந்து நிமிடச் சுற்றில் முதல் நிமிடத்திலேயே விழுந்தால் மீதி நான்கு நிமிடமும் கீழேயே கிடக்க நேரலாம். அதனால் எம்எம்ஏ-வுக்கு வரும் முவாய் தாய் வீரர் உதையைக் குறைக்க வேண்டியதில்லை, ஆனால் எப்போது உதைப்பது என்பதை மாற்றிக்கொள்ள வேண்டும். கையால் எதிராளியை மும்முரமாக்கிவிட்டு, அவர் பின்னால் நகரும்போது உதைத்தால் காலைப் பிடிப்பது கடினம்.

## கராத்தே, டேக்வாண்டோ: தூரம் தெரிந்தவர்கள்

"எல்லாம் சும்மா ஷோ" என்று இவற்றை ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. நம் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள் கராத்தேயில் பிள்ளைகளை வளர்த்திருக்கின்றன. டேக்வாண்டோவுக்கும் இந்த ஊரோடு உறவு உண்டு. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெனரல் சோய் ஹொங் ஹி 1960களின் தொடக்கத்தில் தென்கொரியத் தூதராகக் கோலாலம்பூரில்தான் இருந்தார்.

இந்தக் கலைகள் கொடுக்கும் சொத்து, தூர உணர்வு. புள்ளிக் கராத்தேயில் முதலில் தொடுபவருக்குப் புள்ளி. அதனால் எட்டாத தூரத்தில் நின்று, ஒரே பாய்ச்சலில் உள்ளே போய், அடித்து, வெளியே வரப் பழகுகிறார்கள். மல்யுத்தக்காரருக்குக் கால் எட்ட வேண்டுமானால் முதலில் நெருங்க வேண்டும். எப்போதும் ஓரடி தள்ளியே நிற்பவரை எப்படிப் பிடிப்பது? ஷோட்டோகான் கராத்தே குடும்பத்தில் பிறந்த லியோட்டோ மச்சிடா இதை வைத்தே 2009-இல் யூஎஃப்சி பட்டம் வென்றார். அவர் தோற்றத்தில் பழைய கராத்தே, ஆனால் சிறுவயதிலேயே சுமோவும் ஜியு-ஜிட்சுவும் கற்றவர். அதை மறந்துவிட்டு "கராத்தே ஜெயித்தது" என்று மட்டும் சொல்வது அரைக் கதை.

குறைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பக்கவாட்டாக நிற்பதால் முன்கால் உதைக்கும் பிடிக்கும் எளிதாகக் கிடைக்கும். தொட்டவுடன் நடுவர் நிறுத்திவிடுவதால் தொடர்ச்சியாக அடி வாங்கிக்கொண்டு நிற்கும் பழக்கம் வராது. கம்பி வேலியில் முதுகு சாய்ந்துவிட்டால் பின்வாங்க இடமில்லை, தூரம் என்ற சொத்தும் போய்விடும்.

சிலம்பம் பற்றியும் கேட்பார்கள். அது முதன்மையாகக் கம்புக் கலை, அதை எம்எம்ஏ அளவுகோலால் அளப்பதே பொருத்தமில்லை. ஆனால் சிலம்பக் காலடி பழகிய பிள்ளைகள் நேர்கோட்டில் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகுவதைக் கவனித்திருக்கிறேன். புதியவர்களுக்கு அது சுலபத்தில் வராது.

## இதுவரை பார்த்தது

ஒவ்வொரு கலையின் பலமும் குறையும் அதன் விதியிலிருந்து வருகின்றன. குத்துச்சண்டை கையைத் தருகிறது, காலை மறக்க வைக்கிறது. முவாய் தாய் ஆயுதங்களையும் கிளின்ச்சையும் தருகிறது, உடம்பை நிமிர்த்தி வைக்கிறது. கராத்தே வகைகள் தூரத்தைத் தருகின்றன, நெருக்கத்தில் கைவிடுகின்றன. மூன்றிலும் டேக்டவுன் இல்லை.

## அப்போ எதில் சேர்வது?

எதுவுமே தெரியாத ஒருவர் எம்எம்ஏ-வுக்காக ஒரே ஒரு ஸ்டிரைக்கிங் கலையில் தொடங்க வேண்டும் என்றால், என் பதில் முவாய் தாய். எட்டு ஆயுதமும் வரும் சூழலில் கண் பழகிவிடும், காலில் உதை வாங்குவதும் தடுப்பதும் முதல் மாதத்திலேயே வந்துவிடும். ஒரு வருடம் போனபின் குத்துச்சண்டைப் பயிற்றுநர் ஒருவரிடம் கை வேலையையும் தலை அசைவையும் மெருகேற்றலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இரண்டும் எட்டும் தூரத்தில் கிடைக்கும்.

ஏற்கெனவே கராத்தேயிலோ குத்துச்சண்டையிலோ ஐந்தாறு வருடம் போட்டவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம். உங்கள் உடம்பில் ஊறியதுதான் நெருக்கடியில் வெளியே வரும். அதை வைத்துக்கொண்டு, அதன் ஓட்டையை மட்டும் அடைத்துக்கொள்ளுங்கள். குத்துச்சண்டைக்காரர் உதையைத் தடுக்கக் கற்கட்டும், கராத்தேக்காரர் வேலியோரம் நின்று சண்டையிடப் பழகட்டும்.

எந்தக் கலையானாலும் ஸ்ப்ரால், வேலியில் முதுகு வைத்து எழுந்து நிற்பது, காலைப் பிடித்தவரின் கையைக் கழற்றுவது ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே கூடவே கற்க வேண்டும். "முதல்ல அடிக்கக் கத்துக்கோ, ரெஸ்லிங் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லும் இடத்தில் எம்எம்ஏ-வுக்காகச் சேராதீர்கள். இரண்டு வருடம் நிமிர்ந்து நின்று பழகிய இடுப்பை மாற்றுவது, புதிதாகக் கற்பதை விடக் கடினம்.

வகுப்பில் சேருமுன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் பிடிக்கும் மெத்தையில் (பேட்) அடிப்பது மட்டும் நடக்கிறதா, அல்லது இருவர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் சோதிக்கும் ஸ்பாரிங்கும் நடக்கிறதா? அந்த ஸ்பாரிங்கில் டேக்டவுன் கலக்கிறார்களா? சில இடங்களில் ஒருவர் குத்த மட்டும், மற்றவர் காலைப் பிடிக்க மட்டும் என்று பிரித்துப் பழக்குவார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை. குத்துபவரின் கை எப்போது பயத்தில் இறங்குகிறது என்பது அந்தப் பயிற்சியின் சில நிமிடங்களிலேயே அவருக்கே தெரிந்துவிடும்.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. ஸ்பாரிங் என்றால் மண்டையில் முழு பலத்தோடு அடித்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. பல் காப்பு, கணைக்கால் காப்பு (ஷின் கார்டு), பெரிய கையுறை போட்டு, தலைக்கு லேசாகவும் உடம்புக்கும் காலுக்கும் சற்று அழுத்தமாகவும் பழக்குவதுதான் முறை. தலையில் அடி வாங்கித் தலைசுற்றல், வாந்தி, மங்கல் பார்வை வந்த பிள்ளையை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பாத பயிற்றுநரிடம் எந்தக் கலையையும் கற்க வேண்டாம், அவர் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் சரி.